மணற்குளவியும் அதன் வாயிலும்

நண்பகல் வெயிலில் ஆற்றங்கரை மணலிலே சிறிது நேரம் அசையாது நின்றால், மஞ்சட் பட்டைகள் பூண்ட குளவியொன்று முன்கால்களால் மணலை வாரிப் பின்னே தெறிக்கச் செய்வதை நாம் காணக்கூடும். இதுவே மணற்குளவி, அறிஞர் இதனைப் பெம்பிக்ஸ் என்பர். தடித்த உடலும் அலகுபோல் நீண்ட மேலுதடும் இதன் அடையாளங்கள். மணலில் வளைதோண்டும் அம்மோபிலா என்னும் குளவிக்கோ இடை நூலிழைபோல் மெலிந்திருக்கும். முன்னது பெரும்பாலும் ஈக்களை வேட்டையாடும். பின்னது புழுக்களைக் கவர்ந்து செல்லும். நம் நாட்டுக் குளவிகளை இனம்பிரித்து விளக்கும் பெருநூலைப் பிங்காம் என்னும் படை அதிகாரி 1897-இல் வெளியிட்டார்.

எனினும், ஊசியிற் குத்திய பூச்சியின் பெயரை அறிவதனால் உயிருள்ள பூச்சியின் வாழ்வை அறிந்தவர் ஆகோம். அவ்வாழ்வை வெயிலில் அமர்ந்து பொறுமையுடன் நோக்கியவர் பிரான்சு நாட்டு ஆசிரியர் ஃபாபர் (1823–1915). தாய்க்குளவி தன் குஞ்சுப்புழுவுக்கு நாள்தோறும் ஈக்களைக் கொணர்வதையும், வெளியேறும்போதெல்லாம் வாயிலை மணலால் மூடிவிடுவதையும் அவர் கண்டார். சுற்றிலும் ஒரே மணல். ஆயினும் திரும்பிவரும் தாய் வழுவாது தன் வாயிலிலேயே இறங்கியது. வாயிலின்மேல் தட்டையான கல்லை வைத்தார், சாணத்தைப் பரப்பினார், அப்பொழுதும் அது ஏமாறவில்லை. ஆகவே, நாம் அறியாத ஏதோ ஓர் உணர்வே அதற்கு வழிகாட்டுவதாக அவர் எண்ணினார்.

இவ்வினாவுக்குத் தெளிவு பிறந்தது ஆலந்து நாட்டு மணல்வெளியிலே. தேனீக்களை வேட்டையாடும் வேறொரு குளவியை ஆராய்ந்த டின்பெர்கன், அதன் வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி அதற்குப் பழகிய பின்னர், அது வேட்டைக்குச் சென்ற வேளையில் வட்டத்தைச் சற்றே நகர்த்தி வைத்தார். திரும்பிய குளவி வளையை விடுத்து, வட்டத்தின் நடுவிலே இறங்கித் தேடிற்று! காய்களைப் பழைய இடத்தில் வைத்தவுடன் வளையை அடைந்தது. வாயிலின் அண்டையிலுள்ள பொருள்களைக் கண்ணால் கண்டு நினைவில் இருத்தியே அது வீடு திரும்புகிறது என்பது இதனால் விளங்கிற்று. இம்முடிவுகள் 1932-இல் வெளிவந்தன. டின்பெர்கன் 1973-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஃபாபர் மாற்றியது வாயிலையும் அதன் அண்டையையுமே. அப்பாலிருந்த அடையாளங்கள் பெயரவில்லை என்பதை இன்று நாம் நினைத்துப் பார்க்கலாம். ஆயினும் அவர் வினவியிராவிடில் இவ்விடையைத் தேடுவோர் யாவர்?

ஆதலின், மணற்குளவியைக் காணச் செல்லும் அன்பர்கள் சற்றே எட்டி நிற்பார்களாக. அங்குள்ள கல்லையும் சுள்ளியையும் அகற்ற வேண்டா. கோபுரத்தையும் குளக்கரை மரத்தையும் அடையாளமாகக் கொண்டு ஊர் திரும்பிப் பழகிய நமக்கு, அத்தாயின் தவிப்பு விளங்காத ஒன்றன்று.