ஒரே எலும்பு, இரண்டு குறியீடு

எங்கட வீட்டு அலுமாரியில ஒரு கோவைக்குள்ள ரெண்டு டயக்னோசிஸ் காட் இருக்கு. ஒண்டு அம்மம்மாவின்ர. போன வருசம் கிணத்தடியில வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறிச்சவ. மற்றது மாமாவின்ர. 2009ல ஷெல் துண்டு பட்டு முறிஞ்ச எலும்பு. ரெண்டு காட்டிலயும் ஹாஷ் அடையாளம் ஒன்று போட்டு, பக்கத்தில் 'ஃபீமர்' என்று எழுதியிருக்கிறது. வைத்தியர்களின் சுருக்கெழுத்தில் ஹாஷ் என்றால் முறிவு. எப்படி முறிந்தது என்பதற்கு இரண்டிலும் ஒரு சொல்கூட இல்லை.

அம்மம்மாவுக்கு அதால ஒரு கரைச்சலும் வரேல்ல. மாமா உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில, "இது யுத்தத்தில வந்த காயம் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" எண்டு கேட்டிருக்கினம். காட்டை நீட்டினாராம். "இதில அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே" எண்டு திருப்பிக் குடுத்திட்டினம். காயத்தின் காரணம் எப்போதிருந்து பதிவாகிறது, எங்கே தவறிப்போகிறது என்று நான் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நோய்களை வகைப்படுத்தும் வேலை உயிரோடிருப்பவர்களுக்காகத் தொடங்கவில்லை, செத்தவர்களை எண்ணத்தான் தொடங்கியது. லண்டனின் மரணப் பட்டியல்களை வைத்து ஜோன் கிரான்ட் 1662ல் தன் நூலை வெளியிட்டார். அந்தப் பட்டியல்களுக்கு மரணக் காரணத்தைச் சொன்னவர்கள் வைத்தியர்கள் அல்ல, வீடு வீடாகப் போய்ப் பிணத்தைப் பார்த்த வயதான பெண்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார், நோய்களுக்கு ஒரே சீரான பெயர்கள் வேண்டும் என்று வாதாடினார். அவருடைய வகைப்பாட்டில் வன்முறையாலும் விபத்தாலும் வருபவற்றுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 1860ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், வைத்தியசாலைகள் எல்லாம் ஒரே மாதிரி கணக்கு வைக்கவேண்டும் என்று முன்மொழிந்தார்.

1893ல் ஜாக் பெர்தியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலே இன்றைய சர்வதேச வகைப்பாட்டின் தாய். 1909ல் அது திருத்தப்பட்டபோது அதில் ஒரு தலைப்பு இருந்தது: 'முறிவுகள், காரணம் குறிப்பிடப்படவில்லை.' வாசிக்கேக்க சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. எழுதாமல் விடுகிறவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பெட்டியே ஒதுக்கவேண்டி வந்திருக்கிறது.

குறிப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் வரலாறும் தடுமாறும் என்பதற்கு இதே தொடை எலும்பிலேயே உதாரணம் உண்டு. முதலாம் உலகப்போரின் தொடக்கத்தில் தொடை எலும்பு முறிந்தவர்களில் பலர் இறந்தார்கள். ஹியூ ஓவன் தோமஸ் வடிவமைத்த மட்டையை ரொபர்ட் ஜோன்ஸ் போன்றவர்கள் போர்முனைக்குக் கொண்டுவந்தார்கள். 1917ல் அராஸ் சண்டையில் 1,009 தொடை எலும்பு முறிவுகளில் இறப்பு 15.6 வீதம் என்று ஹென்றி கிரே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பதிந்தார். அதற்கு முன்னர் 80 வீதம் என்று பல நூல்கள் சொல்கின்றன. மட்டை உயிர்களைக் காத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 80ஐ யார், எங்கே வைத்து எண்ணினார்கள்? களத்திலேயே செத்தவர்களும் சேர்த்தியா? பின்னைய எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னைய எண் அவ்வளவு உறுதியான நிலத்தில் நிற்கவில்லை.

பெரிய மாற்றம் 1948ல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் பொறுப்பெடுத்த ஆறாவது திருத்தம், இறப்போடு நிற்காமல் நோய்களையும் காயங்களையும் சேர்த்தது. காயத்துக்கு இரண்டு வரிசைகள் வந்தன. ஒன்று என்ன உடைந்தது என்று சொன்னது, மற்றது எதனால் உடைந்தது என்று சொன்னது. 1990ல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்திலும் இதே இரட்டை முறைதான். எஸ்72 என்றால் தொடை எலும்பு முறிவு. அதில் எஸ்72.0 எலும்பின் கழுத்து, எஸ்72.3 நடுத்தண்டு. காரணத்துக்கு வேறு எழுத்துகள். வழுக்கி விழுந்தால் டபிள்யூ01. போர் நடவடிக்கை என்றால் வை36. சண்டை ஓய்ந்த பிறகு வெடிக்கும் கண்ணிவெடிக்குக்கூட வை36.8 என்று தனி இலக்கம் இருக்கிறது.

இன்னும் இருக்கு. ஆறிப்போன பழைய முறிவு விட்டுச்சென்ற பாதிப்புக்கு டி93.1. போரின் நீண்டகாலப் பின்விளைவுக்கு வை89.1. மாமா இண்டைக்கு நொண்டி நடக்கிறதை எழுத இந்த ரெண்டும் போதும். 2022 தொடக்கம் நடைமுறைக்கு வந்திருக்கும் பதினோராவது திருத்தத்தில் இலக்கங்கள் மாறினாலும் காரணத்துக்கான இடம் பறிபோகவில்லை.

அப்ப குறை எங்க? குறியீடு போடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. எங்கட அரச ஆஸ்பத்திரிகளில் கட்டில் தலைமாட்டுச் சீட்டில் எழுதியிருப்பதுதான் அவருக்குத் தெரியும். அதில் இல்லாததை அவர் ஊகிக்கக் கூடாது, அது சரியான விதியும்கூட. அந்தச் சீட்டுகளிலிருந்துதான் கொழும்புக்குப் போகும் நோய்க் கணக்கு உருவாகிறது. சுகாதார அமைச்சின் ஆண்டறிக்கைகளில் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவோரின் முதன்மைக் காரணங்களில் 'காயங்கள்' பல ஆண்டுகளாக மேலே நிற்கிறது. அந்த வகைக்குள் அடங்குபவை எஸ்00 முதல் டி19 வரை, கூடவே டபிள்யூ54. டபிள்யூ54 என்றால் நாய்க்கடி. உடைந்தது எது என்பதை வைத்துக் கட்டிய வகைக்குள், காரணமாக நுழைந்தது நாய் மட்டும்தான்.

இரவு பகலாக வேலை செய்த வைத்தியரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில உயிரைக் காப்பாத்தினதே பெரிய விசயம், வசனம் எழுத ஆருக்கு நேரம்? ஆனால் அந்த எழுதப்படாத ஒரு வரி பத்துப் பதினைந்து வருசம் கழித்து ஒரு மனிசனை மேசைக்கு முன்னால நிப்பாட்டி அத்தாட்சி கேட்கிறது. யுத்தத்தின் ஆவணம் என்றவுடன் நாங்கள் அறிக்கைகளையும் சாட்சியங்களையும்தான் தேடுகிறோம். கிளினிக் கொப்பியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு கோவை இருக்கும். ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. இனி ஆரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால், துண்டு வெட்டுறதுக்கு முதல் கேளுங்கோ: "டொக்டர், எப்பிடி முறிஞ்சது எண்டும் ஒரு வரி எழுதிவிடுறீங்களா?" அந்த இரண்டாவது குறியீட்டுக்கு இடம் 1948லேயே ஒதுக்கியாச்சு. நிரப்பத்தான் ஆக்கள் வேணும்.