கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது விரல் நீளமுள்ள ஒரு சிறு கடல் மீனைப் பற்றியும், அப்படிப்பட்ட மீனைக் கரையில் உயிரோடு வைத்துக்கொள்ள மனிதன் பட்ட பாட்டைப் பற்றியும் ஆகும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கும் கடல் மீன் வளர்ப்பதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அது நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

முதலில் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை மாணவர்களைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கடல் வற்றியிருந்த நேரம். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் ஒரு சிறு மீன் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. உருண்டைக் கண்கள் இரண்டும் தலை உச்சியில் இருந்தன. பிள்ளைகளுக்கு அதை விட்டு வர மனமில்லை. எங்களுக்கும்தான். ஒரு மைலோ டின்னில் கடல் நீரோடு அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் விட்டோம். கொண்டுவந்த நீர் போதவில்லை. குழாய்த் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றி நிரப்பினோம். மூன்றாம் நாள் காலை மீன் மிதந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "உப்புத் தண்ணிதானே சார் ஊத்துனோம், அப்புறம் ஏன் சார் செத்துப்போச்சு?"

அன்று எங்களிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அந்தப் பதிலுக்குள் நம் தோட்டத்தின் கதையும் அடங்கியிருப்பதைக் கண்டோம்.

1829ஆம் ஆண்டு. லண்டன் மாநகரில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் இருந்தார். செடி வளர்ப்பதில் அவருக்குப் பெரும் ஆசை. ஆனால் நகரத்து நிலக்கரிப் புகையில் அவர் வைத்த பெரணிச் செடிகள் எல்லாம் கருகின. வேறொரு சோதனைக்காக, ஈர மண் போட்டு மூடி வைத்த ஒரு கண்ணாடிப் புட்டியில் ஒருநாள் தற்செயலாகப் பெரணியும் புல்லும் முளைத்திருப்பதைப் பார்த்தார். மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் துளியாகி மீண்டும் மண்ணுக்கே வந்தது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே செடி வாழ்ந்தது. இதைக் கொண்டு அவர் மூடிய கண்ணாடிப் பெட்டிகளைச் செய்தார். 1833இல் அப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகள் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை கப்பலில் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை கடல் உப்பும் காற்றும் நடுவழியிலேயே பெரும்பாலான செடிகளைக் கொன்றுவந்தன.

இந்தக் கண்ணாடிப் பெட்டி உலகத்தின் போக்கையே மாற்றியது. சீனத்துத் தேயிலை இந்தியாவுக்கு வந்தது இதில்தான். 1876இல் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்சமே முளைத்தன. அந்தக் கன்றுகளில் ஏறத்தாழ 1,900, அதே ஆண்டு 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அடுத்த ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரம் சாகாமல் பால் சீவும் முறையை ரிட்லி என்ற தாவரவியலார் அங்கே வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். செரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகம் வரை 1891இலேயே இரயில் பாதை இருந்தது. லாபு, ரந்தாவ், சிலியாவ், லுக்குட் என்று நெகிரி செம்பிலான் முழுவதும் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின.

சரி, மீன் எங்கே என்று கேட்கிறீர்களா? இதோ வருகிறது.

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. மூடிய பெட்டியில் செடி வாழுமானால், கண்ணாடித் தொட்டியில் கடல் உயிர் வாழாதா என்று சிலர் எண்ணத் தொடங்கினார்கள். 1846இல் ஆன்னா தின் என்ற பெண்மணி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடல் நீரில் காற்றுக் குறைந்தால் உயிர்கள் மடிந்துவிடும். அதற்கு அவர் கண்ட வழி என்ன தெரியுமா? வீட்டு வேலைக்காரப் பெண், திறந்த ஜன்னல் அருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம்! டீ ஆற்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடல் உயிர்களை வீட்டில் வைத்துக் காத்த கதையின் தொடக்கத்தில் இருந்த காற்று யந்திரம், ஓர் ஏழைப் பெண்ணின் இரண்டு கைகள். பிறகு கடற்பாசியைத் தொட்டியில் வைத்தால் அதுவே காற்றைத் தரும் என்று கண்டார்கள்.

1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் மனை திறக்கப்பட்டது. அதற்கு முன்நின்று உழைத்தவர்களுள் ஒருவர் ஃபிலிப் ஹென்றி காஸ். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல் ஊரெங்கும் ஓர் ஆசையைக் கிளப்பிவிட்டது. பணக்காரக் குடும்பங்கள் கூடையும் வலையுமாகக் கடற்கரைக்கு ஓடின. பாறைக் குழியில் எளிதாகக் கையில் அகப்படுவது பிளென்னி என்னும் சிறு மீன். நாங்கள் போர்ட்டிக்சனில் பார்த்த மீனைப் போன்ற வகையே அது. சில ஆண்டுகளில் பல பாறைக் குழிகள் வெறுமையாயின. தன் தந்தை எழுதிய நூலே அந்தக் கரைகளின் அழிவுக்கு வழிகாட்டிவிட்டதை, காஸின் மகன் பின்னாளில் வருத்தத்தோடு பதிவு செய்தார். ஒன்றை நேசிப்பதாகச் சொல்லி அதை இல்லாமல் ஆக்கிவிடும் பழக்கம் மனிதனுக்குப் புதிதல்ல.

நம்மவர்கள் நாட்டிலும் இந்தக் கதை உண்டு. சென்னை அருங்காட்சியகத்தை அந்த ஊர் மக்கள் 'செத்த காலேஜ்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் 1909இல் சென்னைக் கடற்கரையில் உயிருள்ள மீன்களுக்கென்றே ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. நமக்கு அருகில், சிங்கப்பூரில், 1955இல் வான் கிளீஃப் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1991 வரை அந்தப் பெயரில் அது நடந்தது.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். உப்புத் தண்ணீரில் மீன் ஏன் செத்தது?

முதற்காரணம், உப்புத் தண்ணீர் வேறு, கடல் நீர் வேறு. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி நாம் சாப்பிடும் உப்புதான். ஆனால் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவையும் அளவோடு கலந்திருக்கின்றன. அவை இல்லாமல் கடல் உயிர் நிலைக்காது. மேலும் குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும்.

இரண்டாவது காரணம் நமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருள். ரப்பர்ப் பால் உறையாமல் இருக்க என்ன கலப்பார்கள்? அம்மோனியா. ஸ்டோர்ப் பக்கம் போனாலே மூக்கைத் துளைக்குமே, அதுதான். மீனின் கழிவிலிருந்து வெளிப்படுவதும் அதே அம்மோனியாதான். கடலில் அது கரைந்து பரவிவிடும். சிறு தொட்டியில் அது சேர்ந்துகொண்டே போய் மீனைக் கொல்லும். கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவைத் தின்று, படிப்படியாக அவ்வளவு தீங்கில்லாத பொருளாக மாற்றிவிடுகின்றன. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

மூன்றாவது காரணம் உணவு. பிளென்னி மீன்களில் பல வகைகள் பாறையில் படிந்த பாசியைச் சீப்புப் போன்ற பற்களால் சுரண்டித் தின்பவை. பலவற்றுக்கு உடம்பில் செதிலே கிடையாது, வழுவழுப்பு மட்டும்தான். ஒளிந்துகொள்ளப் பொந்து வேண்டும். பெண் மீன் பொந்தில் முட்டையிட்டுச் சென்றபின், ஆண் மீன் அதைக் காவல் காக்கும். நாங்கள் தந்ததோ பாசியும் பொந்தும் இல்லாத, துடைத்து வைத்த கண்ணாடி.

இதற்கெல்லாம் ஒரு வழியை எடுத்துக் காட்டியவர் நம் பக்கத்து நாட்டுக்காரர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் தம் முறையை எழுதி வெளியிட்டார். பெரிய வடிகட்டிகள் எதுவும் இல்லை. நல்ல கடல் நீர், வெயில் வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழிகள், அவற்றோடு கடலிலிருந்தே எடுத்த உயிருள்ள கற்கள். அந்தக் கல்லின் துளைகளில் பாசியும் புழுவும் நுண்ணுயிரும் குடியிருந்தன. மீனை மட்டும் கொண்டுவந்தவர்கள் தோற்ற இடத்தில், கல்லையும் சேர்த்துக் கொண்டுவந்தவர் வென்றார். இன்று பவளத் தொட்டி வைப்போர் பலரும் ஏதோ ஒரு வகையில் அந்தப் பாடத்தையே பின்பற்றுகிறார்கள். தொட்டிக்கு மூடி வேண்டும், ஏனென்றால் பிளென்னி துள்ளி வெளியே விழும். நீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. இவையும் அனுபவத்தில் கற்றவை.

நேயர்களே, இதைப் படித்தபோது எங்கள் மனத்தில் ஒன்று தைத்தது. 22 ரப்பர்க் கன்றுகளை உயிரோடு கொண்டுவர எவ்வளவு யோசித்தார்கள்! மண், ஈரம், வெளிச்சம் எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் அடைத்துக் காத்தார்கள். அந்த மரங்களில் பால் சீவ நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய நம் பாட்டன் பாட்டிமார் திறந்த மேல்தட்டில் வந்தார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் அப்படி யோசிக்கவில்லை. தொடக்க காலத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஏராளமானோரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அவர்களும் தங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தாம். லயத்து ஓரத்தில் மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகை, தமிழ்ப் பள்ளி, கொல்லையில் முருங்கை, கூடிப் பாடும் பாட்டு — இவை இருந்ததால் வேரூன்றினார்கள்.

பின்னாளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. நம் குடும்பங்கள் மீண்டும் பெயர்ந்தன. பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனவர்களில் சிலர் நன்றாக வாழ்கிறார்கள். சிலர் தடுமாறுகிறார்கள். தடுமாறுகிறவர்களைப் பார்த்து, 'உப்புத் தண்ணிதானே ஊற்றினோம்' என்று கேட்பவர்கள் உண்டு. வீடு மட்டும் போதாது என்பதை அந்தச் சிறு மீன் நமக்குச் சொல்லிவிட்டது.

அந்தப் பையனுக்குப் பிறகு பதில் சொன்னோம். அடுத்த முறை போர்ட்டிக்சன் போனபோது மைலோ டின் கொண்டுபோகவில்லை. ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோனோம். பாறைக் குழி அருகே சத்தம் போடாமல் குந்தி உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் அதைப் படமாக வரைந்தார்கள். அந்தப் பையன் மீனை வரைந்ததோடு நிற்கவில்லை. பொந்தையும் பாசியையும் சுற்றியிருந்த கல்லையும் சேர்த்தே வரைந்திருந்தான்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். கடல் நம் தோட்டங்களிலிருந்து வெகு தொலைவில் இல்லை.