கடலுக்குக் கணக்கு வைத்த ஜெஜூ பெண்கள்

கடல்வளப் பாதுகாப்பு என்றதும் அரசாங்கச் சட்டங்களும் ரோந்துப் படகுகளும்தான் பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தென்கொரியாவின் ஜெஜூ தீவில் அந்தப் பொறுப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களே சுமந்து வந்துள்ளனர். 'ஹேன்யோ' எனப்படும் இவர்கள், கடலில் மூழ்கி அபலோன், சங்கு, கடற்பாசி முதலியவற்றைச் சேகரிப்பவர்கள். 'கடல் பெண்கள்' என்பது அச்சொல்லின் பொருள்.

முற்காலத்தில் ஆண்களும் இத்தொழிலைச் செய்தனர். அரசருக்கு அபலோனைத் திறையாகச் செலுத்தும் சுமை தாங்காமல் ஆண்கள் பலர் தீவை விட்டு ஓடினர். சுமை பெண்களின் தலையில் விழுந்தது. நாளடைவில் தொழிலும் அவர்களுடையதாயிற்று.

பிராணவாயுக் கலன் இல்லாமல், ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி, 10 மீட்டர் ஆழம் வரை அவர்கள் மூழ்குகின்றனர். கலன் இருந்தால் ஒரே நாளில் அள்ளிக் குவித்துவிடலாம். மறுநாள் கடலில் என்ன மிஞ்சும்? ஒரு மூச்சில் எடுப்பதே அளவு என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. எந்த நாளில், எவ்வளவு நேரம் மூழ்குவது என்பதைக் கிராமத்துப் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்கின்றனர். இனப்பெருக்கக் காலத்தில் சங்கு எடுப்பதில்லை. 7 சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றைக் கடலிலேயே விட்டுவிடுகின்றனர். கரையோர ஆழமற்ற பகுதியை முதிய பெண்களுக்கு ஒதுக்கிய கிராமங்களும் உண்டு. பள்ளிக்கூடச் செலவுக்கென்றே கடலின் ஒரு பகுதியை ஒதுக்கிய ஊர்களும் இருந்தன.

இவர்கள் அடங்கிப் போனவர்கள் அல்லர். ஜப்பானியர் ஆட்சியில் இவர்களின் உழைப்பு அடிமாட்டு விலைக்கு வாங்கப்பட்டபோது, 1932 ஜனவரியில் செஹ்வா சந்தையில் திரண்டு போராடினர். உழைப்புக்கு விலை கேட்ட அந்தக் குரல், அந்நிய ஆட்சியை எதிர்க்கும் குரலாகவும் வளர்ந்தது.

2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ இப்பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. எனினும், 1970ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 14,000 பேராக இருந்தவர்கள், 2023இல் 3,000க்கும் கீழே குறைந்துவிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். கடல் நீர் வெப்பமாவதால் பாசி வளர்ந்த பாறைகளும் வெளுத்து வருகின்றன.

அளவோடு எடுத்தவர்களே இன்று இழப்பைச் சுமக்கின்றனர். அவர்களுக்கு விருதும் பாராட்டும் மட்டும் போதுமா? கடலைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில், கடலை அறிந்த அப்பெண்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும். உலகம் சிந்திக்க வேண்டிய செய்தி இதுவே.