வாக்கியத்துள் இரு கணிதம்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலைக் கடந்து இணுவிலை அடைவர். இணுவிற் கந்தசுவாமி கோயிலிலாயினும் பரராசசேகரப் பிள்ளையார் கோயிலிலாயினும் விழா நாளைத் தேடுவோர் முதலில் நாடுவது பஞ்சாங்கத்தையே. அயலூராகிய கொக்குவிலிற் பதிப்பிக்கப்பெற்ற இரகுநாதையர் பஞ்சாங்கம் வாக்கிய முறையைச் சார்ந்தது. திருக்கணிதத்தைக் கொள்வாரும் குடாநாட்டில் உளர். சில வேளைகளில் இவ்விரண்டும் ஒரே திதியை வெவ்வேறு நாளிற் காட்டும். அப்போது எழும் வாதத்தில் வாக்கியத்தை வெறும் மனப்பாடம் என்று தள்ளுவாரும் உண்டு, முன்னோர் வாக்கு என்று கைகூப்புவாரும் உண்டு. இருசாராரும் அதன் உள்ளமைப்பை நோக்குவதில்லை.

சந்திரன் ஒரே வேகத்திற் செல்வதன்று. பூமிக்கு அணித்தாய் வரும்போது விரைந்தும், சேய்மையில் மெதுவாகவும் செல்லும். அணிமையிலிருந்து மீண்டும் அணிமைக்கு வர ஏறத்தாழ 27½ நாள் ஆகும். இத்தகைய சுற்று ஒன்பது முடிய 248 நாளாகும். எனவே 248 நாளுக்குரிய சந்திரன் நிலைகளை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால் பின்னர் அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் இவையே. எழுத்துக்கு எண் கொள்ளும் கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளின் நிலையைச் சொல்லும்.

ஒன்பது சுற்றுக்கும் 248 நாளுக்கும் இடையே சுமார் 13 நிமிட வேறுபாடு உண்டு. அது ஆண்டுதோறும் பெருகாதிருக்க 3031 நாள், 12372 நாள் என்னும் பெருஞ்சுற்றுக்களையும் அமைத்தனர். 3031 நாளில் 110 சுற்று முடியும்; அங்கே வேறுபாடு ஒரு நிமிடமும் இல்லை. கலியுக நாட்டொகையிலிருந்து 1600984-ஐக் கழித்து, மிகுதியை முறையே 12372, 3031, 248 ஆகியவற்றால் வகுத்தால், இறுதி மிச்சமே வாக்கியத்தின் வரிசை எண். 248-க்குத் தேவரம் என்பது குழூஉக்குறி. நம் தேவாரத்தோடு இதற்கு உறவில்லை.

இங்கே இரு வேறு கணித முறைகள் கைகோத்துள்ளன. 248 நிலைகளும் சித்தாந்த நூலார் கண்ட வட்டங்களையும் சைன் அட்டவணையையும் கொண்டு பிறந்தவை. அவற்றை நாளோடு பொருத்துவதோ வெறும் வகுத்தல். இதே 248 நாட் சுற்றைப் பண்டைய பாபிலோனியரும் கையாண்டனர் என்பதை ஒட்டோ நியூகெபவர் 1952-இல் தமிழர் வானியல் பற்றிய தம் கட்டுரையிற் காட்டினார். கடினமான மாதிரி ஒன்றைக் கணினியில் ஒருமுறை இயக்கி, விடைகளை அட்டவணையாக்கி, எளிய மாதிரி ஒன்றினுள் வைத்து விரைவாக ஓட்டுவது இந்நாட் பொறியியலாரின் வழக்கம். அவ்வேலையையே நம்மவர் ஓலையிற் செய்தனர்.

புதுச்சேரியிற் கணிதர் ஒருவர், தரையிற் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, 1825 மே 31, ஜூன் 1 இரவிற்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் பதிவு செய்துள்ளார். தொடக்கத்திற் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. கையிற் புத்தகமும் இன்றிச் செய்தார் என்பதை எண்ணினால் வியப்பே மிஞ்சும். ஆயினும் 52 நிமிடம் சிறிய பிழையன்று. 1829 மார்ச்சில் நிகழ்ந்த கிரகணத்தில் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியேல் பூவர் கணிப்பும் மாறுபட, செமினரியின் கணிப்பே வானோடு பொருந்தியது. சமயப் போட்டியின் சூட்டில் அதைத் தோல்வி என்று மட்டுமே பலர் பேசினர். பிழை எவ்வகையது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

வாக்கியத்திற் சந்திரனுக்குரிய திருத்தம் உச்ச அளவில் 5 பாகை. பௌர்ணமி, அமாவாசைகளில் உண்மை அளவும் ஏறத்தாழ அதுவே. அரைச்சந்திரன் தோன்றும் அட்டமியிலோ, சூரியனின் ஈர்ப்பால் அவ்வளவு ஏழரைப் பாகை வரை உயரும். கிரகணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அட்டமிக்கு அணிவித்தது போன்ற நிலை இது. இரண்டரைப் பாகையைக் கடக்கச் சந்திரனுக்கு ஐந்து மணி நேரமளவு செல்லும். ஆதலின் கிருஷ்ண ஜயந்திக்குரிய அட்டமி போன்ற திதிகளில் இரு பஞ்சாங்கங்களும் பெரிதும் விலகுகின்றன.

இக்குறையைப் போக்கும் இரண்டாந் திருத்தம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதாயிருக்கவில்லை. கி.பி. 932-ஐச் சார்ந்த முஞ்சாலரின் லகுமானசத்தில் அது உண்டு. 248 வாக்கியங்களுக்குள் மட்டும் அது நுழையவில்லை.