மலையுச்சியில் ஒரு போசன மண்டபம்

சுவிற்சர்லாந்து தேசத்தின் மத்தியில், லூசேர்ன் ஏரியின் கரையிலிருந்து எழுந்து நிற்கின்றது றிகி என்னும் மலை. அதன் சிகரம் ஏறக்குறைய 1,800 மீற்றர் உயரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சிகரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே அமர்ந்து உணவருந்தத்தக்க பெரிய ஹோட்டல்கள் நின்றன. வைகறையில் நீண்ட மரக்கொம்பு ஊதப்படும். துயில் கலைந்த விருந்தினர் சூரியோதயம் காணப் போர்வையுடன் வெளியே ஓடுவர். மாலையிலோ, அதே விருந்தினர் உயர்ந்த உடையணிந்து, வெள்ளித் தட்டுகள் மின்னும் மண்டபத்தில் அமர்ந்திருப்பர். உறைபனிக்கும் பாறைக்கும் நடுவே இத்தகைய இராப்போசனம் எவ்வாறு தோன்றியது? அதனைப் பரிமாறிய கைகள் எவருடையவை?

அல்ப்ஸ் மலைநாடு செல்வத்துக்குப் பேர்பெற்ற நாடாக அந்நாளில் இருக்கவில்லை. கோடை குறுகியது, மண் வளமற்றது. மாடும் பாலும் பாற்கட்டியுமே மக்களின் ஆதாரம். பிழைப்புத் தேடி ஊரை விட்டுச் சென்றோர் பலர். அம்மலைகளைக் கண்டு அஞ்சிய வெளியுலகம், பதினெட்டாம் நூற்றாண்டு முதலாக அவற்றின் அழகைப் போற்றத் தொடங்கியது. 1863ஆம் ஆண்டில் தோமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் முதன்முதலாக ஒரு பிரயாணக் குழுவைச் சுவிற்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். 1871ஆம் ஆண்டில் வித்ஸ்னவ் என்னும் ஏரிக்கரை ஊரிலிருந்து றிகி மலைமீது பற்சக்கரப் புகையிரதம் ஏறியது. ஐரோப்பாவின் முதலாவது மலைப் புகையிரதம் அதுவே. அதுவரை மனிதர் முதுகிலும் கோவேறு கழுதையின் முதுகிலும் ஏறிய மாவும் இறைச்சியும் மதுவும் அதன்பின் பெட்டி பெட்டியாக ஏறின.

அக்கால ஹோட்டல்களில் விரும்பியதை விரும்பிய நேரத்தில் உண்ணும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. குறித்த நேரத்தில் மணி ஒலிக்கும். நீண்ட மேசையைச் சுற்றி, ஒருவரையொருவர் அறியாத பல தேசத்தவரும் அமர்வர். யாவருக்கும் ஒரே உணவு, ஒரே வரிசையில் வரும். பிரெஞ்சு நாவலாசிரியரான அல்போன்ஸ் டோடே 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலொன்றில் இந்த றிகி மண்டபத்தையே நகைச்சுவைக் களமாக்கினார். உணவின் இறுதியில் வரும் அரிசிப் பண்டத்தை விரும்புவோர் ஒரு கட்சியாகவும், உலர்ந்த பழத்தை விரும்புவோர் மறு கட்சியாகவும் பிரிந்து, ஒருவரோடொருவர் பேசாது முறைத்திருந்தனர் என்று அவர் கேலி செய்தார்.

இந்த உலகத்தை மாற்றியவர் சேசர் றிட்ஸ். அவர் 1850ஆம் ஆண்டில், வலே மாநிலத்தின் நீடர்வால்ட் என்னும் சிற்றூரில், எளிய கமக்காரக் குடும்பமொன்றின் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். அருகிலிருந்த பிறீக் நகர ஹோட்டலொன்றில் மது பரிமாறப் பழகுமாறு விடப்பட்டார். இத்தொழிலுக்கு வேண்டிய திறமை அவரிடம் இல்லை என்று கூறி, அங்கிருந்து அவரை அனுப்பிவிட்டனர். பாரிஸ் சென்ற அவ்விளைஞர், கீழ்மட்ட வேலைகளிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 1870களில் றிகி ஹோட்டலின் போசன மண்டபத்துக்குப் பொறுப்பாளரானார்.

அங்கு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று அவருடைய தொழிலின் இரகசியத்தையே விளக்குவது. கடுங்குளிர் நிலவிய ஒரு நாள். மதியபோசனத்துக்கு அமெரிக்க விருந்தினர் நாற்பது பேர் வந்துகொண்டிருந்தனர். அவ்வேளையில் மண்டபத்தைச் சூடாக்கும் இயந்திரம் பழுதுற்றது. றிட்ஸ் மேசைகளைச் சிறிய அறையொன்றுக்கு மாற்றினார். பெரிய செப்புப் பாத்திரங்களில் தீ மூட்டி வைத்தார். செங்கற்களை அடுப்பிற் சுடவைத்து, கம்பளித் துணியிற் சுற்றி, ஒவ்வொரு விருந்தினரின் பாதத்தின் கீழும் இட்டார். உணவு கொதிக்கும் சூப்புடன் தொடங்கி, தீச்சுவாலையுடன் கொணரப்பட்ட இனிப்பப்பத்துடன் முடிந்தது. குளிர் என்று எவரும் முறையிடவில்லை. இச்செய்தி லூசேர்ன் நகரின் ‘நஷனல்’ ஹோட்டல் உரிமையாளருக்கு எட்டவே, 1870களின் பிற்பகுதியில் றிட்ஸ் அதன் முகாமையாளரானார்.

1880களில் அவருடன் ஒகுஸ்த் எஸ்கொபியே என்னும் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் சேர்ந்தார். குளிர்காலத்தில் மொன்ரே கார்லோவிலும் கோடையில் லூசேர்னிலும் இருவரும் பணிபுரிந்தனர். கூச்சலும் குடியும் மலிந்த சமையற்கூடத்தில் எஸ்கொபியே அமைதியைக் கொண்டுவந்தார். குழம்புக்கு ஒரு பிரிவு, வறுவலுக்கு ஒரு பிரிவு, இனிப்புக்கு ஒரு பிரிவு என வேலையைப் பங்கிட்டார். பல கைகள் ஒரே நேரத்தில் இயங்கியமையால், உணவு ஆறுமுன் மேசையை அடைந்தது. ஒருவருக்கொருவர் அந்நியரான விருந்தினர் பகிர்ந்த நீண்ட மேசையின் இடத்தைச் சிறிய தனி மேசைகள் காலப்போக்கிற் பிடித்தன.

இதே காலத்தில் சென் மொறிற்ஸ் என்னும் உயர்மலை ஊரில், யோகான்னஸ் பாட்றுத் என்பவர் 1878ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் மின்னொளியைக் கண்டு வியந்தார். மலையருவியின் விசையால் மின்சாரம் பிறப்பித்து, சில மாதங்களுக்குள் தம் ‘கூல்ம்’ ஹோட்டலின் போசன மண்டபத்தில் விளக்கேற்றினார். சுவிற்சர்லாந்தின் முதல் மின்விளக்குகள் அவையே எனப் போற்றப்படுகின்றன.

ஆயினும், ஒளி வீசிய மண்டபத்துக்கு இருள் சூழ்ந்த பின்புறமும் உண்டு. தட்டேந்தியோர், துணி வெளுத்தோர், பாத்திரம் துலக்கியோர் ஆகிய பலரும் றிட்ஸைப் போன்ற ஏழை இல்லங்களின் பிள்ளைகளே. பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 1893ஆம் ஆண்டில் லோசான் நகரில் ஹோட்டற் கல்லூரி தோன்றியபோதுதான், பணிவிடை என்பது கற்றுத் தேறவேண்டிய தொழில் என்னும் மதிப்பு உறுதிபெறத் தொடங்கியது.

1898ஆம் ஆண்டில் பாரிஸில் தம் பெயரிலேயே ஹோட்டல் கண்ட றிட்ஸ், மன்னர்களுக்கு விருந்திட்டார். எனினும், தம் பெரிய பாதங்கள் கமக்காரனின் மகனென்று காட்டிக்கொடுக்கும் என நாணி, இறுக்கமான பாதணிகளையே அணிந்து வந்தார் என்பர். 1902ஆம் ஆண்டில் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழா, மன்னரின் நோய் காரணமாகத் திடீரெனப் பிற்போடப்பட்டது. பெருவிருந்துகளுக்காக இரவுபகலாக உழைத்திருந்த றிட்ஸ் மனமுடைந்து வீழ்ந்தார். மீண்டும் பழைய நிலையை அடையாமலே 1918ஆம் ஆண்டில் உயிர்நீத்தார்.

1914ஆம் ஆண்டின் உலகப்போர் மலை மண்டபங்களை வெறுமையாக்கியது. றிகி உச்சியின் பெரிய ஹோட்டல்கள் 1950களில் இடிக்கப்பட்டு, மலைக்கு இசைந்த சிறிய கட்டடம் ஒன்று அங்கே எழுந்தது. வெள்ளித் தட்டுகளும் சரவிளக்குகளும் போயின. குளிரில் வந்தவனின் பாதத்தின் கீழ்ச் சூடான செங்கல்லை வைத்த அந்தக் கருத்தே எஞ்சி நிற்கின்றது. அந்தக் கருத்தை உலகுக்கு அளித்தவன், குளிர் இன்னதென்று தன் பாதங்களால் அறிந்த ஓர் ஏழையின் மகன்.