மாலரின் ரத்தத்தில் வளர்ந்தது

1911 பிப்ரவரி 21. நியூயார்க் கார்னகி ஹாலில் குஸ்தவ் மாலர் காய்ச்சலோடு மேடையேறினார். அதுதான் அவர் நடத்திய கடைசிக் கச்சேரி. காய்ச்சல் விடவேயில்லை. நண்பரும் டாக்டருமான ஜோசப் ஃப்ரெங்கல், மவுண்ட் சினாய் மருத்துவமனையின் இமானுவேல் லிப்மனைக் கூப்பிட்டார். லிப்மனின் உதவியாளர் ஜார்ஜ் பேயர் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் ஊற்றினார். நாலைந்து நாளில் வளர்ந்துவிட்டது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விரிடன்ஸ்.

1907லேயே மாலரின் இதயம் போய்விட்டது, அதிலிருந்து சாவை எதிர்பார்த்தே வாழ்ந்தார் என்று ஒரு சோகக்கதை உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1907ல் தெரிந்தது வால்வு பழுது. அதை வைத்துக்கொண்டே மனுஷர் வருஷாவருஷம் அட்லாண்டிக்கைத் தாண்டினார், ஒன்பதாம் சிம்பொனியை எழுதி முடித்தார், 1910ல் மியூனிக்கில் அந்தப் பிரம்மாண்டமான எட்டாம் சிம்பொனியை அரங்கேற்றினார். கொன்றது பழுது இல்லை, பழுதான இடத்தில் குடியேறிய கிருமி.

இது நம்ம எல்லார் வாயிலும் இருக்கிற கிருமிதான். பல் துலக்கும்போதுகூடக் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். வழவழப்பான வால்வில் நிற்காது. சிதைந்த வால்வில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஃபைப்ரினும் தட்டணுக்களும் படிந்து கூடு மாதிரி ஆகிவிடும். வால்வுத் திசுவில் ரத்தக்குழாய்கள் அநேகமாகக் கிடையாது, அதனால் வெள்ளையணுக்கள் உள்ளே நுழைவது கஷ்டம். கூட்டிலிருந்து பிய்ந்த துணுக்குகள் மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ போய் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் தொழிலில் பிழை எந்த வரியில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லிப்மனுக்குக் கிருமியின் பெயரே தெரிந்திருந்தது, கையில் மருந்துதான் இல்லை. மாலர் உண்மையை மறைக்காமல் சொல்லச் சொன்னார், சொன்னார்கள். அப்படியானால் வியன்னாவில் சாகிறேன் என்றார்.

வழியில் பாரிஸ். அங்கே சாந்தமெஸ் என்ற நிபுணர் மறுபடி ரத்தத்தை வளர்த்துப் பார்த்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எவ்வளவு அருமையாக வளர்ந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று மைக்ராஸ்கோப்புக்கு ஆல்மாவையே உற்சாகமாக அழைத்தாராம். ஆல்மா தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். நோயாளியின் மனைவி அவர்! மே 18, வியன்னாவில் மாலர் இறந்தார். வயது 50.

1944ல் புரூக்ளினில் லியோ லோவி, பென்சிலினோடு ஹெபாரினும் சேர்த்துக் கொடுத்து, இதே நோயுள்ள ஏழு பேரை வரிசையாகக் குணப்படுத்தியதாக எழுதினார். கார்னகி ஹாலிலிருந்து ஆற்றைத் தாண்டினால் புரூக்ளின்.