ஆயிரம் புதல்வியரின் அன்னை
எலிசா அக்னியூ அம்மையாரும் எம் மூத்த சகோதரிகளும்

எமது சங்கம் நூற்றாண்டு விழாக் காணும் இவ்வேளையில், சங்கம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே பழைய மாணவிகளை வீடு தேடிச் சென்று பார்த்த ஓர் அதிபரை நாம் நினைவுகூராமல் இருக்கமுடியாது. உடுவிலில் 37 ஆண்டுகள் பொறுப்பாயிருந்து 1879 ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற எலிசா அக்னியூ அம்மையாரே அவர்.

1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, எழுத்தும் வாசிப்பும் கோயிலில் ஆடும் பெண்களுக்கே உரியவை, குடும்பப் பெண்ணுக்கு அவை எதற்கு என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் ஊறியிருந்தது. பெற்றோர் தயங்கினர். எனவே உணவும் உடையும் மிசனே கொடுத்தது. படித்து முடித்து மணமாகும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தது! இதைக் கேட்டால் இன்றைய மாணவிகள் சிரிப்பார்கள். எமது ஊரை அறிந்தவர்களோ அந்த யோசனையின் கெட்டித்தனத்தை மெச்சுவார்கள். காலம் செல்லச் சீதனம் நின்றது. பெற்றோர் கட்டணம் செலுத்திப் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினர்.

அக்னியூ அம்மையார் 1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில் ஆசிரியை நிலப்படத்தில் இலங்கைத் தீவைச் சுட்டிக்காட்டியபோதே இங்கு வந்து பணிசெய்ய வேண்டுமென்று முடிவுசெய்தாராம். பெற்றோரைக் கடைசிவரை பராமரித்து, அவர்கள் காலமான பின்னரே, 1839 இல் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தை அடைந்தது 1840 இல். உடுவிலின் பொறுப்பு 1842 இல் அவர் கைக்கு வந்தது.

அதன்பின் அவர் திரும்பிப் போகவேயில்லை. மற்றைய மிசனரிமார் உடல்நலம் கருதியோ பிள்ளைகளின் படிப்பைக் கருதியோ தாய்நாடு சென்று வந்தனர். இவர் 43 ஆண்டுகளில் ஒருமுறையேனும் விடுமுறையில் அமெரிக்கா செல்லவில்லை. கேட்டவர்களுக்கு, நேரமில்லை என்பதே அவரது பதிலாக இருந்தது. நேரம் எங்கே போயிற்று என்பதை நாம் அறிவோம். பாடசாலை நடக்கும் நாட்களில் விடுதிப் பிள்ளைகளோடு. விடுமுறை வந்தால் ஊர் ஊராக, மணமாகிச் சென்ற பழைய பிள்ளைகளைக் காண. முதலில் படித்தவர்களின் பிள்ளைகளும் பின்னர் பேரப்பிள்ளைகளும் அவரிடமே வந்து சேர்ந்தார்கள். பாட்டியின் குறும்புகளைப் பேத்தியிடம் சொல்லக்கூடிய அதிபர்கள் எத்தனை பேர்!

அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்றும், அவர்களில் அறுநூறு பேருக்கு மேல் கிறிஸ்தவத்தைத் தழுவினர் என்றும் மிசன் பதிவுகள் கூறுகின்றன. முழுப் படிப்பையும் முடித்தவர்களில் கிறிஸ்தவராகாமல் வெளியேறியவர் எவருமில்லை என்றும் அவை பெருமையோடு சொல்கின்றன. அந்த அறுநூறு பேரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள், போதகர்கள், வைத்தியர்கள் ஆகியோரின் மனைவியராக, தாங்களும் கற்பிப்பவர்களாக அவர்கள் யாழ்ப்பாணத்து வீடுகளை மாற்றினார்கள். மற்றைய நானூறு பேர்? பதிவுகள் சொல்வது சரியென்றால், அவர்கள் படிப்பின் இடையில் வீட்டுக்கு அழைக்கப்பட்டவர்களாகவே இருக்கவேண்டும். சைவக் குடும்பங்களில் வாழ்ந்து, பிள்ளைகளுக்குத் தாங்களே அரிவரி சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்களுள் இருந்திருக்க வேண்டாமா? திருச்சபை அவர்களைக் கணக்கில் எடுக்காதிருக்கலாம். ஒரு பழைய மாணவிகள் சங்கம் அப்படி விடமுடியாது. எம்மைப் பொறுத்தவரை ஆயிரமும் ஆயிரமே.

ஓய்வுபெற்ற பின்னர் அம்மையார் மானிப்பாயில், மிசன் பணிக்கு வந்திருந்த லீச் சகோதரிகளின் வீட்டில் தங்கினார். 1883 ஆம் ஆண்டு யூன் மாதம் அங்கேயே காலமானார். அந்த இறுதி நாட்களைச் சகோதரிகள் பின்னர் எழுதிவைத்துள்ளனர். வீட்டின் அறைகளெல்லாம் அவரிடம் படித்த பெண்களால் நிறைந்திருந்தன. எதற்காகச் செபிக்கவேண்டும் என்று கேட்டபோது, தமக்காக எதுவும் கேட்கவில்லை. இலங்கைப் பெண்களுக்காகச் செபிக்கும்படி சொன்னார். விடைபெறும் அதிபர் தம் மாணவிகளைப் பற்றிச் சொன்னதாக எமக்குக் கிடைத்திருக்கும் நீண்ட உரை எதுவுமில்லை. இந்த ஒரு வேண்டுகோளே உண்டு.

அன்று அந்த அறைகளில் நின்றவர்கள் யார் யார்? இங்கேதான் எமக்கு இடர்ப்பாடு. அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. எனவே பதிவில் ஆங்கிலப் பெயரோடு இருக்கும் சிறுமி எந்த ஊரவள், வீட்டில் அவளை என்னவென்று அழைத்தார்கள் என்பது பலவேளைகளில் அவள் குடும்பத்தாருக்கு மட்டுமே தெரியும்.

அக்குடும்பங்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கின்றன. பூட்டியோ அவர் தாயாரோ உடுவிலில் படித்தவர் என்ற பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், பழைய வேதாகமத்தின் முதற்பக்கத்தில், உறுதியில், கலியாணப் பதிவில் ஒரு பெயர் இருந்தால், அதைப் படியெடுத்து எமது சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். ஊரின் பெயரையும் வீட்டுப் பெயரையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.